அட்லாண்டிக் சிட்டியில் முப்பது நொடி

பிலடெல்பியாவின் முப்பதாம் தெரு நிலையத்திலிருந்து அட்லாண்டிக் சிட்டிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகிறது. நியூயார்க்கிலிருந்து நேராகப் பேருந்தும் உண்டு. ஆனால் நான் பார்க்கக் கிளம்பியது அமெரிக்க ஓப்பன் பூல் போட்டியை. அதிலும் குறிப்பாக, ஆட்டக்காரர் தலைக்குமேல் ஓடும் அந்த முப்பது நொடிக் கடிகாரத்தை. பூலுக்கும் சரி, ஷாட் கிளாக் என்ற அந்தக் கடிகாரத்துக்கும் சரி, பிலடெல்பியாவோடு உறவு உண்டு. அதனால் அந்த ஊர் வழியாகவே போவது என்று முடிவு செய்தேன்.

முதல் உறவு வில்லி மாஸ்கோனி. 1913இல் தெற்கு பிலடெல்பியாவில் பிறந்தவர். அப்பா பூல் கூடம் நடத்தினார், ஆனால் மகன் அந்த ஆட்டத்தின் பக்கமே வரக்கூடாது என்று பந்துகளைப் பூட்டி வைத்தார். பையன் அம்மாவின் சமையலறையிலிருந்து சிறிய உருளைக்கிழங்குகளை எடுத்துவந்து, துடைப்பக் கட்டையால் அடித்துப் பழகினான் என்பது பூல் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தப் பையன் 1954 மார்ச்சில், ஒஹாயோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒரு காட்சி ஆட்டத்தில் தொடர்ந்து 526 பந்துகளைக் குழியில் போட்டார். நடுவில் ஒரு தவறு கூட இல்லை. இதற்கு அவருக்கு ஆன நேரம் இரண்டு மணி பத்து நிமிடம். வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு நான்கு பந்து. ஒரு பந்துக்குப் பதினைந்து நொடி. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடிகாரம் எதுவும் ஓடவில்லை. அவருடைய கண்ணும் கையும் இயல்பாகப் போன வேகம் அது.

இரண்டாவது உறவு கூடைப்பந்து வழியாக வருகிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் அந்தக் காலத்தில் முன்னிலை பெற்ற அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தும். 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் அணியை 19-18 என்று வென்றது. முழு ஆட்டத்துக்கும் இரண்டு அணியும் சேர்ந்து 37 புள்ளி! பணம் கொடுத்து உள்ளே வந்தவர்கள் பொறுமை இழந்தார்கள். சிராகியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பையாசோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல விறுவிறுப்பான ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 நொடி. 120ஆல் வகுத்தால் 24. அந்த 24 நொடி விதி 1954 பருவத்தில் நடைமுறைக்கு வந்தது. அதே சிராகியூஸ் அணிதான் 1963இல் இடம்பெயர்ந்து இன்றைய பிலடெல்பியா செவன்டி சிக்ஸர்ஸ் ஆயிற்று. மாஸ்கோனி யாரும் கேட்காமலேயே பதினைந்து நொடிக்கு ஒன்றாகப் பந்து போட்ட அதே ஆண்டில், இன்னொரு விளையாட்டு தன் ஆட்டக்காரர்களைக் கடிகாரத்தால் விரட்ட ஆரம்பித்தது.

ரயில் டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் நுழைந்தது. செர்ரி ஹில், லிண்டன்வோல்ட் என்று புறநகர் நிலையங்கள். இந்தப் பாதையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஹாடன் ஹைட்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. மாஸ்கோனி கடைசிவரை வாழ்ந்து 1993இல் காலமானது அங்கேதான். மறு ஆண்டே அவர் பெயரில் மாஸ்கோனி கோப்பை தொடங்கியது. ஐரோப்பிய அணியும் அமெரிக்க அணியும் மோதும் அந்தப் போட்டியை ஆடுவது முப்பது நொடிக் கடிகாரம் வைத்துத்தான். அதில் பாதி நேரமே போதுமாக இருந்த மனிதரின் பெயரில்!

ஹாமன்டன் தாண்டியதும் பைன் காடுகள். அப்புறம் காடு விலகி, உப்புச் சதுப்பு. வெள்ளைக் கொக்குகள் நிற்கும் அந்தச் சதுப்புக்கு நடுவே ஐந்து ராட்சதக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அருகில் தெரிந்த உயர்ந்த கட்டடங்களில் ஒன்று ஹாராஸ். கடற்கரையை ஒட்டிய பழைய மரப்பலகை நடைபாதையில் இல்லாமல், விரிகுடாப் பக்கம் தனியே நிற்கும் சூதாட்ட விடுதி. 2024 ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அமெரிக்க ஓப்பன் நடந்தது அங்கேதான்.

ஊரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1870இல் போட்ட நடைபாதை, அதில் ஆட்களை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் நாற்காலி வண்டிகள், ஜவ்வு மிட்டாய்க் கடைகள், ஜிட்னி என்ற குட்டிப் பேருந்து. நியூ ஜெர்சி மக்கள் வாக்களித்து இங்கே சூதாட்ட விடுதிகளை அனுமதித்த 1976ஆம் ஆண்டில்தான், தெற்கே வர்ஜீனியாவில் பாரி பேர்மன் என்பவர் அமெரிக்க ஓப்பன் பூல் போட்டியைத் தொடங்கினார். அவர் 2016இல் மறைந்தார். பிறகு மேட்ச்ரூம் நிறுவனம் போட்டியை வாங்கியது. ஓப்பன் லாஸ் வேகாஸுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தது.

விடுதியின் சூதாட்டத் தளத்தைக் கடந்துதான் போட்டிக் கூடத்துக்குப் போக வேண்டும். சன்னல் இல்லை, சுவரில் கடிகாரம் இல்லை. வந்தவர் நேரத்தை மறந்து உட்கார வேண்டும் என்பது அந்த வியாபாரத்தின் ஏற்பாடு. கூடத்துக் கதவைத் தள்ளியதும் சத்தமே வேறாகிவிடுகிறது. வரிசை வரிசையாக ஒன்பது அடி மேசைகள், நீலத் துணி, ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பேர். உலகம் முழுவதிலுமிருந்து வந்த 256 ஆட்டக்காரர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடுக்கிய பந்துகளைச் சிதறவைக்கும் முதல் அடியான பிரேக்கின் ஓசை, பந்தும் பந்தும் மோதும் ஓசை, யாரோ ஒருவர் தன் மொழியில் தன்னையே திட்டிக்கொள்ளும் முணுமுணுப்பு. நடுவில், உயர்ந்த இருக்கைகள் சூழ, விளக்கும் கேமராவுமாக ஒரு மேசை. டிவி மேசை. ஷாட் கிளாக் ஓடுவது அங்கே.

ஸ்னூக்கர் பார்த்துப் பழகியவர்களுக்காக ஒன்பது பந்து ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பந்துகள். மேசையில் எது குறைந்த எண்ணோ அதைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறையாகப் போட்டவருக்கு அந்த ராக், அதாவது அந்தச் சுற்று. குறைந்த எண் பந்தைத் தொடாமல் விட்டாலோ, வெள்ளைப் பந்து குழியில் விழுந்தாலோ ஃபவுல். அதற்குத் தண்டனை, எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். இந்த மட்டத்தில் ஆடுகிறவர் கையில் வெள்ளைப் பந்தைக் கொடுப்பதும் ராக்கையே கொடுப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். நேரம் தவறினாலும் இதே தண்டனை. அடியே அடிக்காதவனுக்கும் தப்பாக அடித்தவனுக்கும் ஒரே தீர்ப்பு.

டிவி மேசையில் ஒரு ஷாட்டுக்கு முப்பது நொடி. ஒவ்வொரு ராக்கிலும் ஆளுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் கேட்கலாம். கேட்டால் இன்னொரு முப்பது. உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதித் தொகுப்பில் எண்கள் சற்று மாறும்: 35 நொடி, பத்து நொடி மிச்சம் இருக்கும்போது எச்சரிக்கை, எக்ஸ்டென்ஷன் 25 நொடி, ஆக அதிகபட்சம் ஒரு நிமிடம். எந்த எண்ணானாலும் அடிப்படை ஒன்றுதான். எல்லாப் பந்தும் அசைவற்று நின்ற பிறகே கடிகாரம் ஓட ஆரம்பிக்க வேண்டும். க்யூ என்ற ஆட்டக்கோலின் முனை வெள்ளைப் பந்தைத் தொட்ட கணத்தில் அது நிற்க வேண்டும்.

இந்த 'அசைவற்று' என்பதை யார் முடிவு செய்வது? நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கடிகாரம் இயக்கும் பெண் நன்றாகத் தெரிந்தார். மேசைக்கு அப்பால், விளக்கு வெளிச்சம் முடியும் இடத்தில் அவருடைய நாற்காலி. கட்டைவிரல் எப்போதும் பொத்தான் மேல். வெள்ளைப் பந்து உருண்டு வந்து நின்றுவிடும். கூட்டத்தில் எல்லோருக்கும் அது நின்றதாகத்தான் படும். ஆனால் அந்தப் பந்தில் புள்ளிகள் உண்டு. பக்கவாட்டுச் சுழற்சி கொடுத்து அடித்த பந்து, இடம் மாறாமல் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரு மங்கல் வளையமாகத் தெரியும். அவர் உடம்பை முன்னால் சாய்த்து, அந்த வளையம் திரும்பப் புள்ளிகளாகப் பிரியும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே விரலை அழுத்தினார். ஒரு தடவை அதற்கு இரண்டு நொடிக்கு மேல் ஆனது. அந்த இரண்டு நொடி ஆட்டக்காரருக்குச் சேர வேண்டியது, அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கோப்பையோ பரிசுப் பணமோ அவருக்குக் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அந்தக் கூடத்தில் அவரைவிடக் கவனமாகப் பந்தைப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

கடிகாரம் ஆட்டக்காரரின் கையைவிட முதலில் காலை மாற்றுகிறது. டிவி மேசையில் யாரும் தான் அடித்த பந்து நிற்கும்வரை நின்று பார்ப்பதில்லை. வெள்ளைப் பந்து உருளும்போதே அது நிற்கப்போகும் இடத்துக்கு நடக்கிறார்கள். நடக்கும்போதே க்யூ முனையில் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து முடித்துவிடுகிறார்கள். யோசனையையும் முன்னாலேயே முடித்துவிடுகிறார்கள். பிரேக் அடித்துப் பந்துகள் சிதறிய உடனே ஒன்பது வரைக்கும் வழி போட்டுவிட்டால், அப்புறம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எட்டு, பத்து நொடி போதும். ஜெர்மனிக்காரர் ஜோஷுவா ஃபில்லர் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 2018இல் இருபத்தொரு வயதில் உலக ஒன்பது பந்துச் சாம்பியன் ஆனவர். குனிந்தால் அடி, அவ்வளவுதான். அவருக்குக் கடிகாரம் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

சிக்கல், வழி தெளிவாக இல்லாத இடத்தில் வருகிறது. எதிராளி சேஃப்டி ஆடி வெள்ளைப் பந்தை இன்னொரு பந்துக்குப் பின்னால் மறைத்துவிட்டார் என்று வையுங்கள். இப்போது விளிம்பில் மோதவிட்டுச் சுற்றி வந்துதான் குறிப் பந்தைத் தொட முடியும். ஒரு விளிம்பா, இரண்டா? எந்தக் கோணம்? தொட்ட பிறகு பந்துகள் எங்கே போய் நிற்கும்? இதற்கு முப்பது நொடி போதாது. எக்ஸ்டென்ஷன் கேட்கிறார், தப்பிக்கிறார். எதிராளி உடனே இரண்டாவது முறை மறைக்கிறார். இப்போது கையில் எக்ஸ்டென்ஷன் இல்லை. முதல் மறைப்பின் நோக்கமே அந்தக் கூடுதல் முப்பது நொடியைச் செலவழிக்க வைப்பதுதான் என்பது அப்போது புரிகிறது. ஆட்டத்தின் சோம்பலைப் போக்க வந்த கடிகாரம், ஆட்டத்துக்குள் ஒரு புது ஆயுதமாகவே மாறிவிட்டது. இதில் எனக்குக் குறை இல்லை, அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஆயுதம் சமமாகக் கிடைக்கிறது.

ஷேன் வான் போனிங்கை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஓப்பனை ஐந்து முறையும், 2022இல் உலகப் பட்டத்தையும் வென்றவர். பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர், காதுக் கருவியோடு ஆடுபவர். நடுவர் குரலையோ எச்சரிக்கை ஒலியையோ மட்டும் நம்பி நேர விதியை நடத்தினால் அது அவருக்கு நியாயமாகாது. எண்கள் கண்ணுக்குத் தெரியும்படி மேசையருகே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

டிவி மேசையைவிட என் மனத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு மூலை மேசைதான். வெளி மேசைகளில் கடிகாரம் கிடையாது. பெரும்பாலும் நடுவரும் கிடையாது. இரண்டு பேரும் நாணயமாகத் தாங்களே ஃபவுல் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவர் நேரத்தை இழுத்தடித்தால், மற்றவர் போய் அதிகாரியிடம் முறையிட வேண்டும். அதிகாரி வந்து சற்று நேரம் பார்ப்பார். விரைவாக ஆடும்படி சொல்வார். அப்படியும் மாற்றம் இல்லை என்றால் அந்த ஆட்டத்துக்குக் கடிகாரம் வைக்கலாம். வைத்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். மெதுவாக ஆடியவருக்கு மட்டும் என்று வைக்க முடியாது.

அந்த மூலையில் ஒரு பக்கம் ஐம்பது வயதுக்காரர். மறுபக்கம் இருபது தாண்டாத ஓர் ஆசியப் பையன். மூத்தவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்தார், எழுந்தார், திரும்பச் சுண்ணக்கட்டி தேய்த்தார், குழிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தார். ஏமாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய வழக்கமே அதுவாக இருக்கலாம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையனுடைய தொடை ஆட ஆரம்பித்தது. ஒன்பது பந்து ஆட்டத்தில் நாற்காலியில் இருப்பவன் எதுவும் செய்ய முடியாது. கை சூடு ஆறும், கண் வேறெங்கோ போகும். தன் முறை வந்தபோது அவன் அவசரப்பட்டு, சாதாரணமாகப் போட வேண்டிய மூன்றாம் பந்தைத் தவறவிட்டான். இரண்டு ராக் போயிற்று. அவன் புகார் சொல்லப் போகவில்லை. பயமோ, மொழியோ, பெரியவரைப் பற்றி எப்படிச் சொல்வது என்ற தயக்கமோ. கடைசியில் எழுந்துபோய் அதிகாரியிடம் பேசியது பக்கத்து மேசையில் ஆட்டத்தை முடித்துவிட்டு நின்ற இன்னொருவர்.

அதிகாரி வந்தார், பார்த்தார், எச்சரித்தார். அடுத்த ராக்கில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். மூத்தவர் முகம் சிவந்தது. ஆனால் வேகமாக ஆடினார். சொல்லப் போனால் முன்பைவிட நன்றாகவே ஆடினார். பிரேக் ஆனதும் இரண்டாம் பந்துக்கு எக்ஸ்டென்ஷன் கேட்டார். அது அவ்வளவு யோசிக்க வேண்டிய பந்தாக எனக்குப் படவில்லை, பழக்கத்தில் கேட்டிருக்கலாம். மூன்று, நான்கு, ஐந்து விழுந்தன. ஆறாம் பந்துக்கு வரும்போது வெள்ளைப் பந்து ஒரு விரற்கடை கூடுதலாக உருண்டு, ஏழுக்குப் போகும் கோணம் கெட்டது. இப்போது உண்மையிலேயே யோசிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் இல்லை. அதிகாரி "பத்து" என்றார். மூத்தவர் குனிந்தார். க்யூவை முன்னும் பின்னும் அசைத்தார். ஒருமுறை, இரண்டுமுறை. எழுந்தார். மறுபடி குனிந்தார். க்யூ பின்னால் போயிற்று. அது திரும்பி முன்னால் வருவதற்குள் "டைம்" என்று குரல் கேட்டது. குரலுக்குப் பிறகுதான் முனை பந்தைத் தொட்டது. ஆறாம் பந்து சுத்தமாகக் குழியில் விழுந்தது, ஆனால் அது கணக்கில்லை.

பையன் நடந்து வந்து வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்தான். மேசையில் மிச்சம் ஏழு, எட்டு, ஒன்பது. அதற்குப் பிறகு அவன் தடுமாறவில்லை.

எனக்கு அந்த மூத்தவர்மேல் இரக்கம்தான் வந்தது. ஆனால் கோபம் வேறொன்றின்மேல். அதே கூடத்தில், அதே போட்டியில், நடுவிலிருக்கும் ஒரு மேசைக்கு ஒரு சட்டம், மூலையில் இருக்கும் மேசைக்கு வேறொரு சட்டம். நடு மேசையில் கடிகாரம் முதல் நொடியிலிருந்தே ஓடுகிறது, அதனால் அதில் யார்மேலும் பழி இல்லை. மூலை மேசையில் அது குற்றச்சாட்டாக வந்து உட்காருகிறது. யாராவது வாய் திறந்து புகார் சொன்னால்தான் நேரத்துக்கு மதிப்பு. வாயில்லாதவன் நாற்காலியிலேயே தோற்றுவிட்டுப் போக வேண்டும். புகார் சொன்னவனையும் சேர்த்தே கடிகாரம் பிடிக்கும் என்பதால், சொல்லத் துணிந்தவனும் இரண்டு முறை யோசிப்பான். ஆள் பற்றாக்குறை உண்மைதான். இத்தனை மேசைக்கும் பொத்தானில் கட்டைவிரல் வைத்துக் காத்திருக்க ஆட்களுக்கு எங்கே போவது? அதற்குத் தீர்வு ஒவ்வொரு ஷாட்டையும் அளப்பதல்ல என்று நினைக்கிறேன். சதுரங்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, 1883 லண்டன் போட்டியில், இரட்டைக் கடிகாரம் வந்துவிட்டது. அங்கே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கழுத்தில் கத்தி இல்லை. மொத்த நேரம் உன்னுடையது; எளிய இடத்தில் மிச்சம் பிடி, கடினமான இடத்தில் செலவு செய். ஆடுகிறவர்களே கடிகாரத்தை அமுக்கிக்கொள்கிறார்கள். பூலில் மட்டும், ஐந்து நொடியில் அடித்தவனுடைய மிச்ச இருபத்தைந்து நொடி காற்றோடு போகிறது.

இதை நான் என் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். ஜெர்சி சிட்டியில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிலிப்பைன்ஸ்காரர். பிலிப்பைன்ஸில் பூல் நம்மூர் கிரிக்கெட் மாதிரி. தெருவுக்குத் தெரு மேசை கிடக்கும் என்றார். எஃப்ரன் ரெயெஸ் 1994இல் இந்த ஓப்பனை வென்றதைப் பற்றியும், அதற்குப் பிறகு இன்னொரு பிலிப்பைன்ஸ்காரர் வெல்ல 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்ததைப் பற்றியும் நிறையப் பேசினார். அந்த இன்னொருவர் கார்லோ பியாடோ. ஒரு காலத்தில் கோல்ஃப் மைதானத்தில் பை தூக்கியவர். இதே ஹாராஸில், சிங்கப்பூரின் அலோஷியஸ் யாப்புக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 3-8 என்று பின்தங்கியிருந்து, தொடர்ந்து பத்து ராக் எடுத்து 13-8 என்று வென்றார்.

"அந்தப் பத்து ராக்கிலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதானே இருந்தது?" என்று அந்தப் பிலிப்பைன்ஸ் பெரியவர் கேட்டார். "எதிராளி உட்கார்ந்த இடத்திலிருந்து நேரத்தைத் தின்ன முடியாது. பின்தங்கியவன் எழுந்து வர வேண்டுமானால் மேசை ஓட வேண்டும். கடிகாரம் ஓட வைக்கும்."

"ரெயெஸ்?" என்றேன். 1995இல் ரீனோ நகரில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிராக அவர் மறைந்திருந்த ஐந்தாம் பந்தை இரண்டு விளிம்பில் மோதவிட்டுக் குழியில் போட்ட ஷாட் இன்றும் பேசப்படுகிறது. "அப்படி ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறவருக்கு முப்பது நொடி போதும் என்று எப்படிச் சொல்வீர்கள்?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவருக்கு அந்த வழி மூன்று நொடியில் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தாலும் தெரியாது."

நான் விடவில்லை. ஒரு கணக்குச் சொன்னேன். ஒருவர் பிரேக்குக்குப் பிறகு ஒன்பது பந்தையும் தானே போடுவதாக வைத்தால், இன்றைய விதிப்படி ஒன்பது ஷாட்டுக்கு 270 நொடி, எக்ஸ்டென்ஷன் 30, ஆக 300 நொடி. ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை மொத்தமாக ராக்கின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஒரு கைப்பேசி போதும். சதுரங்கம் மாதிரி அவர்களே தட்டிக்கொள்ளட்டும். மூலை மேசைக்கும் நடு மேசைக்கும் ஒரே சட்டம் ஆகிவிடும், யாரும் யார்மேலும் புகார் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர் தலையை ஆட்டினார். "ஒரு ராக்கில் எனக்கு எட்டும் ஒன்பதும்தான் மிச்சம், கையில் மூன்று நிமிடம் இருக்கிறது என்று வையுங்கள். நான் அந்த மூன்று நிமிடமும் சும்மா நிற்பேன். உங்கள் கை ஆறிப்போகும். நீங்கள் எதை ஒழிக்கச் சொல்கிறீர்களோ அதையே சட்டம் போட்டுக் கொடுக்கிறீர்கள்."

"சரி, ஒரு ஷாட்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைப்போம்."

"வரம்பு வைத்தால் அதை அளக்க மறுபடியும் ஒரு ஆள் வேண்டும்."

அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். கைப்பேசியே ஒரு நிமிடத்தில் ஒலி எழுப்பலாம். ஆனால் பந்து நின்றுவிட்டதா, இன்னும் சுற்றுகிறதா என்று அந்தக் கைப்பேசிக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். டிவி மேசையில் அந்தப் பெண் பொத்தானுக்குமேல் விரல் வைத்துக் குனிந்திருந்தார். ஆடுகிறவர்களே அமுக்கிக்கொள்வதானால், அடித்தவர் பந்து சுழலும்போதே எதிராளியின் நேரத்தைத் தொடங்கிவிட மாட்டாரா? இரண்டு நொடி, ஆனாலும் திருட்டு. எதிராளியே தொடங்கட்டும் என்றால், அவர் மெதுவாகத் தொடங்குவார்.

மேசைமேலே தொங்கும் கேமராவை வைத்துப் பந்து நின்றதைக் கண்டுபிடிக்கலாம் என்றேன். டென்னிஸில் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று கேமராதானே இப்போது சொல்கிறது? அத்தனை மேசைக்கும் கேமரா வாங்க யார் பணம் கொடுப்பார்கள் என்றார். ஆட்டக்காரர்கள் தங்கள் பைக்காசில் விமானச் சீட்டும் நுழைவுக் கட்டணமும் கட்டிவிட்டு, முதல் நாளிலேயே தோற்று வெறுங்கையோடு ஊர் திரும்பும் விளையாட்டு இது என்பதை அவர் எனக்கு நினைவுபடுத்தினார். அதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

அடுத்த நாள் காலை ஆட்டப் பட்டியல் ஒட்டியபோது, அந்த மூலை மேசைப் பையனுடைய பெயர் டிவி மேசைக்கு வந்திருந்தது. பெரியவரும் நானும் முன்வரிசையில் இடம் பிடித்தோம். அவன் ஒவ்வொரு ராக்கிலும் பிரேக் முடிந்ததும் சில நொடி அசையாமல் நின்று மேசை முழுவதையும் பார்த்தான், அப்புறம் நிற்காமல் ஆடினான். எக்ஸ்டென்ஷனைக் கடினமான பந்துக்கென்று கடைசிவரை கையில் வைத்திருந்தான். எதிரில் ஆடியவர் அனுபவசாலி. இரட்டைச் சேஃப்டி உத்தியால் அந்த எக்ஸ்டென்ஷனைப் பல ராக்குகளில் வெளியே வரவைத்தார். பையன் தோற்றான். ஆனால் ஒரு டைம் ஃபவுல் கூட வாங்கவில்லை, அவன் தொடையும் ஆடவில்லை. "பார்த்தீர்களா, எல்லா மேசைக்கும் இது இருந்திருந்தால் நேற்று அந்த இரண்டு ராக்கும் போயிருக்காது" என்றேன். அதை மட்டும் பெரியவர் மறுக்கவில்லை. எத்தனை நொடி என்பதில்தான் தனக்கும் எனக்கும் பேச்சு, எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து என் ஐந்து நிமிடக் கணக்கில் ஓட்டையைக் காட்ட மறுபடி ஆரம்பித்தார்.